மூன்றரை அங்குலம் எங்கே இருக்கிறது?



நான் ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே வந்து, உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். கணனிப் படிப்புப் படித்தவனல்ல. ஆனால் மில்லிமீற்றர் கணக்கோடுதான் என் பொழுது போகிறது. ஆகவே அளவொன்றின் கதையை இந்தப் புத்தாண்டு மலரில் எழுத நினைத்தேன்.

எங்கட ஆட்கள் கனபேரின் வீட்டில், அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கிறது. அதன் ஹாட் டிஸ்க்குக்குள் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் இருக்கும், ஊரிலிருந்து ஸ்கான் பண்ணி அனுப்பிய அப்பாவின் படம் இருக்கும். அதைக் கழற்றி இன்னொரு பெட்டிக்குள் போடலாமா என்று கேட்டால், கடைக்காரர் "மூன்றரை அங்குலமா, இரண்டரை அங்குலமா?" என்பார்.

மூன்றரை அங்குல ஹாட் டிஸ்க்கை அளந்து பாருங்கோ. அகலம் 101.6 மி.மீ., அதாவது சரியாக நாலு அங்குலம். நீளம் 147 மி.மீ. உயரம் பெரும்பாலும் 26 மி.மீ. மூன்றரை எங்கேயும் இல்லை! பிறகு ஏன் அந்தப் பெயர்?

1956இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதலாவது ஹாட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. ஏறக்குறைய ஒரு தொன் எடை. கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகள்தான். அது வேறொரு பெட்டிக்குள் போகவில்லை, தானே ஓர் அலுமாரியாக நின்றது.

1976இல் அமெரிக்காவின் ஷுகார்ட் கம்பெனி ஐந்தேகால் அங்குல பிளொப்பிக்கான இயந்திரத்தைச் செய்தது. சின்னக் கணனி செய்தவர்கள் அதற்கென்று பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் அறை விட்டார்கள். 1980இல், பின்னாளில் சீகேட் என்று பெயர் மாறிய கம்பெனி, 5 மெகாபைட் ஹாட் டிஸ்க் ஒன்றை அந்த இயந்திரத்தின் அளவிலேயே செய்தது. பிளொப்பிக்குக் கட்டிய அறையில் ஹாட் டிஸ்க் குடிவந்தது.

அடுத்து சோனியின் மூன்றரை அங்குல பிளொப்பி வந்தது. மூன்றரை என்பது நாங்கள் கையால் உள்ளே தள்ளிய அந்தச் சதுர பிளொப்பியின் அகலம், 90 மி.மீ. 1983இல் ஸ்கொட்லாந்தின் ரொடைம் கம்பெனி அதே அறைக்கு ஏற்ற ஹாட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி 1991இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சோனியும் 2011இல் பிளொப்பி விற்பனையை நிறுத்தியது. வீட்டுக்காரர் போய்விட்டார், வீட்டின் பெயர் மட்டும் நிற்கிறது.

மடிக்கணனிக்கான இரண்டரை அங்குல வகை 1988இல் வந்தது. அகலம் 70 மி.மீ., நீளம் 100 மி.மீ. இன்றைய எஸ்.எஸ்.டி.க்குள் சுழலும் தட்டே இல்லை. ஆனாலும் பல எஸ்.எஸ்.டி.கள் இந்தக் கூட்டுக்குள்தான் வருகின்றன.

ஆகவே பெயரை நம்பாமல் அளவை நம்புங்கோ. 500 ஜி.பி. என்பது கொள்ளளவு. பெட்டிக்குள் போகுமா என்பதை அது சொல்லாது. இரண்டரை அங்குல வகையில் தடிப்பையும் பார்க்கவேணும்: 7, 9.5, 12.5, 15 மி.மீ. என்று உண்டு. 7 மி.மீ. அறைக்குள் 9.5 போகாது. சின்னதைப் பெரிய அறையில் பூட்ட, மலிவான தகட்டுச் சட்டம் கிடைக்கும். ஸ்குரூவும் வேறு வேறு. மூன்றரைக்கு அங்குலப் புரி, இரண்டரைக்கு 3 மி.மீ. மெட்ரிக் புரி. இறுகினால் பலவந்தமாகத் திருகாதேங்கோ, புரி அழிந்துவிடும்.

படங்களை எடுக்க மட்டும் என்றால் அறையே தேவையில்லை. யூ.எஸ்.பி. மாற்றி வயர் போதும். ஆனால் வாங்க முதல் பின்பக்கத்தைப் பாருங்கோ. இரண்டு வரிசை ஊசிகள் இருந்தால் பழைய ஐ.டி.ஈ., தட்டையான நாக்குப் போல இருந்தால் 2003இலிருந்து வந்த சாட்டா. மூன்றரை அங்குலத்துக்கு 12 வோல்ற் மின்சாரமும் தனியாகக் கொடுக்கவேணும்.

ஊரில் எரிந்தது போக, இடம்பெயர்வில் தொலைந்தது போக, மிஞ்சிய படங்கள் எங்களிடம் கொஞ்சம்தான். பாவிக்காமல் கிடந்தாலும் ஹாட் டிஸ்க் பழுதாகும். பழைய பெட்டியைக் குப்பைக்குக் கொடுக்க முதல் திறந்து பாருங்கோ. இருப்பதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கோ.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.