மூழ்குவோரின் மூச்சுக் கருவி

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், கல்லொன்றின் துணையால் விரைந்து கடலடி சேர்ந்து, ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறினர். இரண்டாவது மூச்சுக்கு நீருக்குள் வழியில்லை. அந்த இரண்டாவது மூச்சை மனிதன் தேடிப் பெற்ற வரலாறே ஸ்கூபா என்னும் கருவியின் வரலாறு.

பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ருக்கேரோல் என்பவரும் கடற்படை அதிகாரி தெனெரூஸ் என்பவரும், 1860களில், மூழ்குபவன் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் சீராக்கி ஒன்றை அமைத்தனர். ஜூல்ஸ் வெர்ன் தம் கடலடி நாவலில் கதைத் தலைவருக்கு அளித்தது இக்கருவியின் கற்பனை வடிவையே. ஆனால், மிகுந்த அமுக்கத்தைத் தாங்கும் உருளைகள் அந்நாளில் இல்லை. நல்ல கருத்து, ஏற்ற உலோகம் வாய்க்காமல் காத்துக் கிடந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோல் அரிதாயிற்று. மோட்டார் வண்டிக்கு எரிவாயுவை அளந்து செலுத்தும் வால்வு ஒன்றை எமில் காஞ்ஞான் என்னும் பொறியாளர் செய்துவைத்திருந்தார். 1942 இறுதியில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரை நாடினார். அடுத்த ஆண்டு மார்ன் ஆற்றில் சோதனை நடந்தது. கிடையாக நீந்தும்போது மூச்சு இயல்பாக வந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானாலோ மூச்சிழுப்பதே அரிதாயிற்று. ஏன்? காற்று உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தன. இடைப்பட்ட சில அங்குல நீரின் அமுக்கமே அத்தனை குழப்பத்தையும் விளைத்தது! இரண்டையும் அருகருகே அமைத்தவுடன் குறை தீர்ந்தது. நீரின் அமுக்கம் ஆழத்திற்கேற்ப மிகும் என்னும் உங்கள் பௌதிகப் பாடத்தை இங்கே நினைத்துப் பாருங்கள்.

கருவி சரியாக இருந்தும் உயிருக்கு ஊறு நேரலாம் என்பதை 1946ஆம் ஆண்டு காட்டியது. தென் பிரான்சில் வோக்ளூஸ் என்னும் நீரூற்றுக் குகையில் கூஸ்தோவும் தோழர் தூமாவும் இறங்கினர். ஆழத்தில் இருவர்க்கும் அறிவு மயங்கியது. கயிற்றின் துணையால் அரிதின் உயிர் மீண்டனர். பின்னர் உருளைக் காற்றை ஆராய்ந்தபோது கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது தெரிந்தது. காற்றை அடைத்த இயந்திரம், தான் விட்ட புகையையே மீண்டும் உறிஞ்சி உருளைக்குள் அனுப்பியிருந்தது. ஐம்பது மீட்டர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. நச்சின் வேகமும் அவ்வாறே பெருகும். ஆற்றங்கரையில் யாரும் ஐயுறாத பிழை இது.

ஆகவே இன்று பயிற்சி பெறுவோர், நீந்துவதோடு கருவியைப் பேணவும் கற்கின்றனர். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் அலசவேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் நுண்ணிய பகுதிகள் இறுகிவிடும். அலசுமுன் சீராக்கியின் வாயை மூடியால் அடைப்பதும், காற்றை வெளியிடும் பொத்தானை அழுத்தாதிருப்பதும் இன்றியமையாதவை. தவறினால் நீர் உள்ளே புகும். பிறகு நிழலில் உலர்த்தவேண்டும். வெயில் ரப்பரைப் பாழாக்கும். சோதனைக்கூடத்து ரப்பர்க் குழாய்களைச் சன்னலோரம் வைத்துவிட்டு, கோடை விடுமுறைக்குப்பின் அவை வெடித்துக் கிடக்கக் கண்ட தலைமையாசிரியன் நான். ஆதலின் இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறேன்.

உருளையை முற்றிலும் காலியாக்கிவிடலாகாது. சிறிது காற்று எஞ்சியிருந்தால் ஈரம் உள்ளே நுழையாது. ஆண்டுக்கொரு முறை அதன் உட்புறத்தைத் திறந்து பார்ப்பதும் வழக்கம். எஃகு உருளையில் ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். துரு உண்டாவதற்குப் பிராணவாயு வேண்டும். நெடுநாள் மூடிவைத்த உருளையில் அமுக்கமானி நிறைவைக் காட்டலாம். உள்ளிருக்கும் காற்றிலோ பிராணவாயு குறைந்து போயிருக்கும்.