ஆறங்குலக் கட்டை

மலாயாத் தமிழரின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் பால்மரமும் தண்டவாளமுமே முன்னிற்கின்றன. பால் வெட்டியவரும் தண்டவாளம் பதித்தவரும் நம் முன்னோரே, அதில் ஐயமில்லை. ஆயினும், அத்தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த மரக்கட்டையை அறுத்தவர் யார், எதனைக் கொண்டு அறுத்தார் என்னும் வினா நம் நூல்களில் எழுவதே இல்லை. கருவியின் வரலாறு புலவர்க்குரியதன்று என்று கருதிவிட்டோம் போலும். இக்கட்டுரை ஒரு கருவியைப் பற்றியது; அதனினும் சிறப்பாக, அதன் கழுத்தில் வைக்கப்பெறும் ஆறங்குல இரும்புக் கட்டை ஒன்றைப் பற்றியது.

மரம் அறுக்கும் கருவியை வாள் என்றும் ரம்பம் என்றும் வழங்குகிறோம். அகநானூற்றில் சங்கு அறுக்கும் வாளரம் பேசப்படுகிறது. வாளின் நீளத்தையும் அரத்தின் பல்லையும் ஒரு சொல்லில் அடக்கிய அப்பழஞ்சொல்லை நாம் கைவிட்டது ஏன் என்று விளங்கவில்லை. பட்டறைகளில் 'பேண்ட்சா' எனப்படும் பொறியைப் பட்டை வாளரம் என்று அழைத்தால் குறையொன்றும் இராது. மாணவர்க்கு எளிமை கருதிப் பட்டை வாள் என்றே ஈண்டு எழுதுகிறேன்.

மேலொன்றும் கீழொன்றுமாக இரு சக்கரங்கள்; அவற்றைச் சுற்றி, முனைகள் ஒட்டப்பெற்ற மெல்லிய எஃகுப் பட்டை; அப்பட்டையின் ஒரு விளிம்பில் பற்கள். பட்டை வாள் என்பது இவ்வளவே. இலண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பார் 1808-இல் இதற்கு உரிமை பெற்றார். எண்ணம் நன்று, ஆனால் பட்டையின் முனைகளை அறாதபடி ஒட்டும் வகை அந்நாளில் இல்லை. சக்கரத்தின்மீது ஓயாமல் வளைந்து நிமிரும் பட்டை, ஒட்டிய இடத்திலேயே அறுந்து வீழ்ந்தது. நாற்பதாண்டு அளவில் அவ்வெண்ணம் உறங்கிக் கிடந்தது. பின்னர் 1846-இல் அன் போலின் கிரெப்பேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி முனைகளைப் பற்றவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பாரிசு நகரத்துப் பெரேன் என்பார் அவ்வுரிமையை வாங்கி, நல்ல எஃகையும் சேர்த்துப் பொறியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அப்பெண்மணியின் பெயர் நம் பாடநூல் எதிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

வட்ட வாள் இருக்க இது எதற்கு எனலாம். வட்ட வாள் தன் விட்டத்தில் பாதி ஆழம்கூட அறுக்காது. பெருமரம் அறுக்கப் பெருவட்டம் வேண்டும். வட்டம் பெருகினால் தகடும் தடிக்கும். தகடு தடித்தால் பலகையாக வேண்டிய மரம் தூளாகப் போகும். பட்டை வாளோ மெல்லியது. தூளாகும் மரம் குறைவு, வளைவாகவும் அறுக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூர் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகா என்று கருதிய சுவெட்டன்காம், 1884-இல் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு பணித்தார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளை அமைத்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடியது. ஊர் செங்கல்லால் எழுந்தது என்று எழுதிவிடுகிறோம். செங்கல் வீட்டுக்கும் உத்தரம் வேண்டும், கைம்மரம் வேண்டும், கதவு வேண்டும். தண்டவாளத்துக்கோ அடிக்கட்டைகள் வேண்டும். அவற்றுக்கு உகந்தது செங்கால் மரம். கன அடிக்கு ஏறத்தாழ அறுபது இறாத்தல் எடையுள்ளது. ஈரமரமாயின் நீரில் அமிழும். அதனை அந்நாளில் ஆளறுப்பாகவே அறுத்தனர். மேலே ஒருவர் நின்று வாளைத் தூக்க, கீழே ஒருவர் நின்று இழுப்பார். கீழாளின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் நாள் முழுதும் பொழியும். இவ்வேலையில் சீனத் தொழிலாளர் இருவர் இருவராக ஈடுபட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் இரயில்வேயின் மையப் பணிமனை எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்புகளிலிருந்தும் செந்தூலிலிருந்தும் தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் இரயில்வேப் பணிக்குச் சென்றனர். எழுத்தர், ஓட்டுநர், பொருத்துநர், தச்சர் என அவர்கள் பலதிறத்தினர். பயணப் பெட்டிகள் மரத்தால் ஆன காலம் அது. கூரையின் வளைவும் சாளரச் சட்டமும் அறுக்கப் பட்டை வாளினும் ஏற்ற கருவி இல்லை. 1945-இல் நேசநாட்டு விமானங்கள் அப்பணிமனைமீது குண்டு பொழிந்தன. மீண்டும் எழுந்து நெடுங்காலம் நடந்த அப்பணிமனையின் வேலைகள், இந்நூற்றாண்டில் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டன. அங்கு உழைத்த எழுத்தர்களின் பெயர்களேனும் சங்க மலர்களில் அகப்படும். தச்சர்களின் பெயர்களைத் தேடினால் கோயில் நன்கொடைக் கல்வெட்டுகளே துணை.

பெரிய ஆலைகளின் பட்டை வாள் ஆளுயரத்துக்கும் மேற்பட்டது. சிறு பட்டறைக்கு அது எட்டாது. அக்குறையைத் தீர்த்தது அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1919-இல் தோன்றிய டெல்டா நிறுவனத்தின் பதினான்கு அங்குலப் பொறி. வார்ப்பிரும்பாலான அதன் உடல் இரு துண்டுகளாய் அமைந்தது: கீழ்ச் சக்கரம் தாங்கும் அடிப்பகுதி ஒன்று, மேல் சக்கரம் தாங்கும் வளைகை ஒன்று. இரண்டையும் ஒரு பெரும் போல்ட்டு இணைக்கும். பின்னாளில் தைவான் நாட்டார் இவ்வடிவை ஆயிரக்கணக்கில் வார்த்து விற்றனர். இதன் அறுப்புயரம் ஆறங்குலம். இணைப்பைப் பிரித்து, இடையே ஆறங்குல வார்ப்புக் கட்டையை வைத்து, நீண்ட போல்ட்டால் முடுக்கினால் உயரம் பன்னிரண்டு அங்குலமாகும். 'ரைசர் பிளாக்' என்பது இதுவே.

இங்கே கணக்காசிரியர்க்கு ஒரு வினா உண்டு. கட்டை உயர்ந்தது ஆறு அங்குலம். பட்டை எவ்வளவு நீளவேண்டும்? ஆறு என்பார் மாணவர் பலர். பட்டை ஒருபுறம் இறங்கி மறுபுறம் ஏறுவதால் பன்னிரண்டு. முன்னர்த் தொண்ணூற்று மூன்றரை அங்குலமாய் இருந்த பட்டை, இப்போது நூற்றைந்து ஆகிறது. எஞ்சும் அரையங்குலத்தை மேல் சக்கரத்தை ஏற்றியிறக்கும் திருகு ஈடுசெய்யும்.

கிள்ளானில், தோட்டத்தில் பிறந்து தோட்டம் விற்கப்பட்டபின் நகருக்கு வந்த ஒரு தச்சரின் பட்டறையில் இக்கட்டை ஏற்றப்பட்டதை நேரிற் கண்டேன். அவர் செய்வது வீட்டுப் பூசை மாடங்கள். அவருக்கு வேண்டியது ஒன்பது அங்குல அகலப் பலகை. அதனைக் கடையில் வாங்கினால் மாடத்தின் விலையில் பாதி பலகைக்கே போய்விடும். உருண்டை மரமாக வாங்கினாலோ மலிவு. அறுக்கப் பொறி எட்டவில்லை. பெரிய பொறி வாங்கக் கடன்படுவதா, இருப்பதை உயர்த்துவதா என்று ஓராண்டு தயங்கியதாகக் கூறினார்.

வளைகையைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. கட்டையை வைத்து முடுக்கிப் பொறியை ஓட்டினால், பட்டை சக்கரத்தைவிட்டு நழுவியது. அவர் சினக்கவில்லை. நீள்கோல் ஒன்றை இரு சக்கரங்களின் விளிம்பிலும் சாத்திப் பார்த்தார். மேல் சக்கரம் மயிரளவு முன்னே சாய்ந்திருந்தது. காரணம், வார்ப்பின் பொருத்துமுகத்தில் திரண்டிருந்த பெயின்ட்டு. "பாத்தீங்களா சார், கீழ ஒரு மயிரு பிசகுனா மேல ஒரு விரலுக்குக் காட்டுது" என்றார். சுரண்டி, ஓரத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகியபின் பட்டை நிலைத்து ஓடியது.

அதனோடு முடியவில்லை. பட்டையை நேர்நிறுத்தும் வழிகாட்டியின் தண்டையும் காப்புத் தகட்டையும் நீளமாக மாற்றவேண்டும். பழைய காப்பையே விட்டுவைப்போர் உளர்; ஆறங்குலப் பல் திறந்து கிடக்க, விரலை இழப்பதற்கு வேறென்ன வேண்டும்? அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள பட்டையாயின் மரத்தூள் இடையிடையே தங்காமல் வெளியேறும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் திணறுமாதலால் அதனையும் அவர் மாற்றினார். உயரம் கூடினும் பட்டைக்கும் தூணுக்கும் இடைப்பட்ட அகலம் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃகுத் தகட்டை ஒட்டிச் செய்த ஒற்றையுடல் பொறிகளுக்கு இவ்வழி இல்லை.

அன்று அவர் அறுத்தது இரப்பர் மரம். ஒருகாலத்தில் பால் வற்றிய மரம் விறகாகவே போயிற்று; புகைக்கூடத்திலும் சூளையிலும் எரிந்தது. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்து வண்டு துளைப்பதால் அதனைப் பலகையாக்க எவரும் துணியவில்லை. உடனே அறுத்துப் போரான் உப்பேற்றி உலர்த்தும் முறை பரவியபின், 1980-களில் அது தளவாடங்களாய்க் கப்பல் ஏறத் தொடங்கியது. காட்டுமரம் போலப் பருத்ததன்று. சிறு பொறிக்குள் அடங்கும். பற்களில் பால் பிசின் ஒட்டுவதால் அடிக்கடி துடைக்கவேண்டும் என்பதே தொல்லை.

ஒன்பது அங்குல மரத்துண்டு முதன்முறையாக அப்பொறியில் முழுதாகப் புகுந்து இரு பலகைகளாய்ப் பிரிந்தது. உட்புறம் வெளிர்மஞ்சள். நடுவே சாய்வாக ஒரு கருங்கீற்று. கத்தி பட்டைக்குள் நில்லாமல் மரத்தைத் தொட்ட இடம் அது என்றார். தம் தாயார் முப்பதாண்டு பால் வெட்டியவர் என்றும், மரத்தைக் காயப்படுத்தினால் கங்காணி ஏசுவார் என்றும் கூறினார். ஆலைகளில் அத்தகைய பலகையைக் கழித்துவிடுவர். அவர் கழிக்கவில்லை, மாடத்தின் பின்பலகைக்கு ஆகும் என்று சுவரில் சாத்திவிட்டு, அடுத்த துண்டை எடுத்தார்.