அம்மையை விரட்டியது யார்?

பெரியம்மையை அன்னையின் சீற்றம் என்றனர் நம் முன்னோர். வேப்பிலை கட்டினர், கூழ் வார்த்தனர், பிணங்கள் குறையவில்லை. 1796-இல் ஜென்னர் தடுப்புமுறை கண்டார். எனினும், 1974-இல்கூட இந்தியாவில் லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்.

வீழ்த்தியவர் யார்? 1973 முதல், நோயுற்ற குழந்தையின் படம் தாங்கிய அட்டையுடன் வீடுவீடாகத் தேடிச் சென்ற சுகாதார ஊழியர்களே! நோய் கண்ட இடத்தைச் சுற்றி அனைவருக்கும் அம்மை குத்தினர். மாதந்தோறும் கூடிக் கணக்கெடுத்தனர். நோயுள்ள ஊர்கள் குறையக் குறைய, உழைப்பின் பயன் கண்முன் நின்றது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் நோய் ஒழிந்தது. 1980-இல் உலகமே விடுபட்டதென அறிவிக்கப்பட்டது.

ஊதியம் உரிமை, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தம் பணியால் பிழைத்த உயிரைக் காணாத ஊழியர் கோப்பைப் புரட்டுவார். கண்டவரோ, ‘தலைவிதி’யையே திருத்தி எழுதுவார். ஆள்வோரே, அப்பயனை அவர்க்குக் காட்டுங்கள்! இளைஞரே, எல்லைச்சாமியைத் தேடாதீர். சாவைத் துரத்திய அந்தக் கால்களை எண்ணுங்கள்!