கரையொதுங்கும் சடலங்களை எண்ணுதல்: ஒரு கள ஆய்வுமுறையின் நூறாண்டு வளர்ச்சி

கடலில் மாளும் பறவைகளிலும் பாலூட்டிகளிலும் ஒரு பங்கே கரைக்கு வந்து சேர்கிறது; மிகுதி மூழ்கியோ பிற உயிர்களுக்கு இரையாகியோ தடமின்றிப் போய்விடுகிறது. அவ்வாறு கரை சேர்ந்தவற்றை, குறித்த நீளமுள்ள கடற்கரைப் பகுதியில், குறித்த கால இடைவெளிகளில் நடந்து சென்று எண்ணிப் பதியும் முறை கரையொதுங்கிய உயிரினக் கணக்கெடுப்பு எனப்படுகிறது. இதனைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். இம்முறையின் வரலாற்றை எண்ணெய்க் கசிவுகளின் வரலாறாகவே எழுதிவிடுவது எளிது. கசிவுகள் கணக்கெடுப்பைத் தூண்டின என்பது உண்மையே. ஆயினும் அதனை அறிவியலாக்கியது, செத்த பறவை எதுவும் கிடைக்காத நாளையும் பதிவேட்டில் ஏற்றும் பழக்கம். அப்பழக்கம் உருவான விதத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பாலூட்டிகளுக்கான பதிவேடு பறவைகளுக்கானதைவிட மூத்தது. அதற்கு வித்திட்டதோ ஒரு பழஞ்சட்டம். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எட்வர்டின் காலத்திலேயே, கரையொதுங்கும் திமிங்கலம் அரசனுக்குரியது என்று வகுக்கப்பட்டிருந்தது. இந்த உரிமையைத் துணைக்கொண்டு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த சிட்னி ஹார்மர், 1913இல் வணிக வாரியத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, ஒதுங்கும் திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் பற்றிக் கடலோரக் காவலர் அனுப்பும் தந்தி அருங்காட்சியகத்துக்கு வந்து சேருமாறு பார்த்துக்கொண்டார். அரச சொத்தைக் காக்க ஏற்பட்ட வழி, எந்த இனம் எங்கே எப்போது ஒதுங்கியது என்னும் நீண்ட நிரலாக மாறியது. எனினும் இது வந்த செய்தியைப் பதியும் முறையே. தேடி நடக்கும் முறையன்று. செய்தி வராத கரையில் திமிங்கலம் ஒதுங்கவில்லையா, ஒதுங்கியதை யாரும் பார்க்கவில்லையா என்பதற்கு அப்பதிவேட்டில் விடை கிடையாது. 1988இல் வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் ஒரு தீநுண்மி நோயில் மடிந்தன. அதன்பின், 1990 முதல், சடலங்களை அறுத்துப் பார்த்து இறப்பின் காரணம் காணும் திட்டமும் பிரிட்டனில் நிலைபெற்றது.

பறவைகளின் கதை வேறு. கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொட்டிகளைக் கழுவிய நீர் கடலிலேயே கொட்டப்பட்டது. கடற்பறவையின் இறகுகளிலுள்ள நுண்ணிழைகள் கொக்கிபோல் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நீர் புகாத போர்வையாக அமைந்தவை. எண்ணெய் பட்டதும் அந்தப் பின்னல் குலைந்து, குளிர்நீர் தோலைத் தொடுகிறது. பறவை அதை அலகால் கோதிச் சீர்செய்ய முயன்று எண்ணெயை விழுங்கவும் செய்கிறது. பறவை ஆர்வலர்களின் முறையீடும் சேர்ந்து, 1922இல் பிரிட்டன் தன் கடற்பகுதியில் எண்ணெய் கொட்டுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. 1954இல் லண்டனில் முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. அந்நாளைய எண்ணிக்கைகள் முறையீட்டுக்குத் துணைநின்ற சான்றுகள் மட்டுமே: பறவைகள் குவிந்து கிடந்தபோது எண்ணினார்கள், குவியாதபோது யாரும் நடக்கவில்லை.

இதற்கு விலக்காக நியூசிலாந்தைச் சொல்லவேண்டும். அங்குப் பறவையியல் கழகம் 1951இல் தொடங்கிய கரைச் சுற்று, எண்ணெயை எதிர்த்து எழுந்ததன்று. கரையை அணுகாமல் பெருங்கடலிலேயே வாழும் பறவைகளை அறிய அவற்றின் உடலைத் தவிர வேறு வழி இல்லாமையால் எழுந்தது. நடந்த தொலைவையும் கிடைத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பதியும் வழக்கம் இத்தகைய அமைதியான ஆர்வத்தால் வளர்ந்தது என்பது, இத்துறை வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

1967 மார்ச் 18 அன்று ‘டோரி கேன்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதி, ஏறத்தாழ 1,20,000 டன் குவைத் கச்சா எண்ணெயோடு உடைந்தது. ஈராண்டு கழித்து, 1969 இலையுதிர் காலத்தில், ஐரிஷ் கடலோரம் எண்ணெய்க் கசிவு ஏதுமின்றியே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தொதுங்கின. அவற்றில் பெரும்பாலானவை கில்லமாட்டுகள், அதாவது நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் பறவைகள். பட்டினி, புயல், உடலில் படிந்திருந்த தொழிற்சாலை வேதிப்பொருள்கள் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. எண்ணெய் தெரிந்த எதிரி; ஐரிஷ் கடலிலோ எதிரி யாரென்றே தெரியவில்லை. வழக்கமான ஆண்டில் எத்தனை பறவைகள் ஒதுங்கும் என்ற அடிக்கணக்கு இல்லாமல், வழக்கத்துக்கு மாறானதை அளக்க முடியாது என்பதை இவ்விரண்டாம் நிகழ்வே தெளிவாக்கியது. 1970களில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் குளிர்காலந்தோறும் நடக்கும் முறையான கணக்கெடுப்புகள் வேரூன்றின.

இக்கணக்கெடுப்புகளின் சிறந்த விளைவு ‘எண்ணெய் விகிதம்’ என்னும் கருத்து. எத்தனை பறவைகள் ஒதுங்கின என்பதைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்கின்றன. ஆனால் ஒதுங்கியவற்றில் எண்ணெய் பூசியவை நூற்றுக்கு எத்தனை என்பது அவற்றால் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே வடகடல் நாடுகள் இவ்விகிதத்தையே கடலின் தூய்மைக்கு அளவுகோலாக ஏற்று, கில்லமாட்டுகளில் அது 2020க்குள் 20 விழுக்காட்டுக்கும் 2030க்குள் 10 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது என்று இலக்கு வகுத்தன. வெறும் கூட்டலிலிருந்து விகிதத்துக்கு வந்த இந்த மாற்றம் சிறியதுபோல் தோன்றினாலும், எண்ணெய் பூசாத பறவையையும் அதே கவனத்தோடு எண்ணும் ஒழுங்கு இல்லாமல் நிகழ்ந்திருக்க முடியாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இவ்வொழுங்கு ஒரு துப்பறியும் வேலையையே செய்து முடித்தது. 1971 சனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் அருகே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டபின் அங்குக் கரைக் கணக்கெடுப்பு ஊன்றியது. 1993இல் ஃபரலோன் வளைகுடாக் கடல் சரணாலயம் ‘பீச் வாட்ச்’ என்னும் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்றவர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட கரைத்துண்டில் முறை தவறாமல் நடந்து, உயிருள்ளதும் செத்ததுமான பறவை, பாலூட்டி, மணலில் கிடக்கும் தார் உருண்டை அனைத்தையும் குறித்தனர். 1990களின் குளிர்காலங்களில், எந்தக் கப்பலும் விபத்துக்குள்ளாகாமலே, எண்ணெய் தோய்ந்த கில்லமாட்டுகள் புயலுக்குப் பின் மீண்டும் மீண்டும் ஒதுங்கின. போகிற போக்கில் எவனோ கழிவெண்ணெய் கொட்டுகிறான் என்றே எவரும் ஐயுற்றிருப்பர். ஆனால் இறகுகளிலிருந்து எடுத்துப் பாதுகாத்த எண்ணெயின் வேதிக் கூறுகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருந்தன. அந்தத் தடத்தைத் தொடர்ந்து சென்றவர்கள் 2002இல் கண்டது, 1953 சூலை 14 அன்று மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கிய ‘ஜேக்கப் லக்கன்பாக்’ என்ற சரக்குக் கப்பலை. கொரியப் போருக்குப் பொருள் ஏற்றிச் சென்ற அக்கப்பலின் எரிபொருள், அரைநூற்றாண்டாகக் கடலடியில் கிடந்து, குளிர்காலக் கொந்தளிப்பில் கசிந்துகொண்டிருந்தது. இறுகிப்போன எண்ணெயைச் சூடேற்றி இளக்கி, ஏறத்தாழ 1,00,000 கேலன் வெளியே எடுத்தார்கள். எட்டாதது உள்ளேயே அடைக்கப்பட்டது. 1990க்கும் 2003க்கும் இடையில் 51,000க்கும் மேற்பட்ட பறவைகளும் 8 கடல் நீர்நாய்களும் அதனால் மடிந்தன என்பது பின்னர் வந்த மதிப்பீடு.

தன்னார்வலரின் கணிப்பை நம்பலாமா என்ற ஐயம் இத்துறையோடே பிறந்தது. அதற்கு நேர்த்தியான விடையை 1990களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியா பாரிஷ் தொடங்கிய ‘கோஸ்ட்’ திட்டம் தந்தது. கழுகும் நரியும் நெஞ்சுத் தசையைத் தின்றபின் ஓதம் விட்டுச்சென்ற பாசிவரியில் எஞ்சுவது பெரும்பாலும் இரண்டு சிறகும் கால்களும்தான். தலை இராது, நிறமும் மங்கிவிடும். ஆகவே இத்திட்டத்தின் கையேடு பறவையின் நிறத்தைக் கேட்பதில்லை, காலைக் கேட்கிறது. நான்கு விரல்களும் சவ்வால் இணைந்திருந்தால் நீர்க்காகமோ கூழைக்கடாவோ. மூன்று விரல் மட்டும் இருந்து பின்விரல் அறவே இல்லாவிட்டால் கில்லமாட் குடும்பம். சவ்வுக்கால்களுக்குப் பின்னால் சின்னஞ்சிறு விரல் ஒன்று ஒட்டியிருந்தால் கடற்காகமாக இருக்கலாம். பின்பு கணுக்கால் எலும்பு, சிறகு, அலகு ஆகியவை அளக்கப்பட்டு, நிழற்படம் எடுக்கப்பட்டு, அதே சடலத்தை அடுத்த மாதம் மீண்டும் எண்ணாதிருக்க நிறநிறமான பிளாஸ்டிக் கட்டுவார் மாட்டப்படுகிறது. அளவும் படமும் இருப்பதால் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் அதைச் சரிபார்க்கிறார். எண்ணியவர் பள்ளி ஆசிரியரா ஓய்வுபெற்ற எழுத்தரா என்பது இங்குப் பொருட்டில்லை.

2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலவிய கடல் வெப்ப அலை இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு இரை தேவைப்படும் கில்லமாட், சிறுமீன் குறைந்ததால் பட்டினியில் மாண்டது. 2015–16இல் கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை ஏறத்தாழ 62,000 சடலங்கள் கிடைத்தன. அதிலிருந்து மொத்த இழப்பு 5 முதல் 12 லட்சம் என்று 2020இல் மதிப்பிட்டனர். 2024இல் வெளியான ஆய்வோ கரையை விட்டுக் கூடுகட்டும் பாறைகளில் எஞ்சிய பறவைகளை எண்ணி, அலாஸ்காவில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம், அங்கிருந்தவற்றில் பாதி, அழிந்ததாகக் கண்டது. கரைக்கணக்கு பேரிழப்பைக் காட்டிக்கொடுத்ததே அன்றி அதன் முழு அளவை எட்டவில்லை. இத்துறையினர் இந்த இடைவெளியை மூடிமறைக்காமல் ஏற்பதே முறை. நடக்கத் தகாத செங்குத்துப் பாறைக் கரைகள் அலாஸ்காவில் ஏராளம்.

மறுபுறம், சடலமே ஓர் அளவுகருவியாகும் போக்கும் வளர்ந்தது. 2003–2007இல் வடகடலோரம் திரட்டிய 1,295 ஃபுல்மார் பறவைகளின் இரைப்பையைத் திறந்தபோது 95 விழுக்காட்டில் பிளாஸ்டிக் இருந்தது; சராசரி 35 துண்டுகள், 0.31 கிராம். கலிஃபோர்னியாவில் 1998இல் 400க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் வலிப்புற்று மாண்டதற்கு, நுண்பாசியில் பிறந்து நெத்திலி வழியே ஏறிய நஞ்சு காரணம் என்று தெரிந்ததும் உடலை ஆராய்ந்ததால்தான்.

2016 அக்டோபர் முதல் 2017 சனவரி வரை, பெரிங் கடலின் செயின்ட் பால் தீவில், அங்கு வாழும் அலூட் மக்கள் 350க்கும் மேற்பட்ட சடலங்களைப் பதிந்தனர். பெரும்பாலானவை கொண்டைப் பஃபின்கள், அதாவது இலையுதிர் காலத்தில் அத்தீவை விட்டுத் தென்கடலுக்குப் போய்விடவேண்டிய பறவைகள். இறகு உதிர்க்கும் பருவத்தில், உடலில் கொழுப்பே இல்லாமல் கிடந்தன. காற்றின் போக்கைக் கணித்து, மாண்டவை 3,150 முதல் 8,500 வரை என்று ஆய்வாளர் கூறினர். சில நூறு சடலங்களை வைத்து அவ்வாறு கூற அவர்களுக்கு இடம் தந்தவை, அதே மணலில் அதே மக்கள் முந்தைய ஆண்டுகளில் நடந்து, பஃபின் என்ற கட்டத்தில் பெரும்பாலும் சுழியம் எழுதிக் கொடுத்திருந்த படிவங்கள்.