போவி கத்தி: ஓர் ஆயுதம் எப்படி அலங்காரமானது?

அமெரிக்காவில் கத்தி செய்யிற ஒரு கைவினைஞர் புதுசாய்ப் பட்டறை திறக்கிறார் எண்டு வைப்பம். வாடிக்கையாளர் ஒருவர் அலங்காரப் போவி கத்தி ஒன்று கேட்கிறார். நீளமான அலகு, நுனிக்குக் கிட்ட உள்வளைவாய் வெட்டின முதுகு, பித்தளையிலோ வெள்ளியிலோ கைக்காப்பு, மான்கொம்புப் பிடி, அலகு முழுக்க ஆற்றலை மாதிரி ஓடும் கோடுகள். இந்தக் கத்தியால ஒருவரும் மரக்கறி வெட்டப் போறதில்லை, வேட்டைக்குப் போறதும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கப் போற பொருள் இது. அப்படியான ஒரு பொருளுக்குப் பின்னால அடிமை வியாபாரம், தேர்தல் பகை, தொழிலாளரின் நுரையீரல், கடைசியில எங்கட தீவின் மலைச்சரிவு ஒன்று எல்லாம் வரிசையாய் நிக்கிறது.

1827 செப்டெம்பர் 19. மிசிசிப்பி ஆற்றில், நாச்செஸ் நகருக்கு எதிரே ஒரு மணல்திட்டு. இரண்டு கனவான்கள் துப்பாக்கிச் சண்டைக்கு வந்தார்கள். ஆளுக்கு இரண்டு தரம் சுட்டார்கள், ஒன்றும் படவில்லை, கை குலுக்கினார்கள். பிரச்சினை அதோட முடிந்திருக்க வேணும். ஆனா கூட வந்தவர்களுக்குள் பழைய பகை இருந்தது. கைகலப்பு வெடித்தது. அதில் குண்டும் வாள்குத்தும் பட்டுக் கிடந்த ஜிம் போவி, தன்னைக் குத்திய நோரிஸ் ரைட்டை ஒரு பெரிய கத்தியால் கொன்றார். பத்திரிகைகள் இந்தச் செய்தியை ஊர் ஊராய்க் கொண்டுபோயின. ஆளுக்கு முந்திக் கத்தி பிரபலமாகியது.

அந்தக் கத்தி உண்மையில் எப்படி இருந்தது? ஜிம்மின் அண்ணன் ரெசின் 1838 இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், முதல் கத்தியைச் செய்வித்தது தானே என்றும், வேட்டைக்காகச் செய்தது என்றும் சொன்னார். ஒன்பதேகால் அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒரு பக்கம் மட்டும் கூர், வளைவு இல்லை. அதாவது இண்டைக்கு நாங்கள் 'போவி' எண்டு அடையாளம் காணும் அந்த வளைந்த நுனி அதில் இருக்கவே இல்லை. 1836 மார்ச் 6 இல் டெக்சாஸின் அலமோ கோட்டையில் நோயாளியாய்ப் படுத்திருந்த ஜிம் போவி மெக்சிக்கோப் படைகளால் கொல்லப்பட்டார். அவரிட்ட இருந்த கத்தியும் காணாமல் போனது. அசல் தொலைந்தபிறகு அவரவர் கற்பனைக்கு ஏற்ற மாதிரிச் செய்ய வழி திறந்துவிட்டது.

வீரக்கதை சொல்பவர்கள் தவிர்க்கிற பக்கம் ஒன்று இருக்கு. ஜிம் போவியின் பணம் எங்கிருந்து வந்தது? 1808 இலிருந்து அமெரிக்காவுக்குள் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டவிரோதம். போவி சகோதரர்கள் கடற்கொள்ளைக்காரன் ஜான் லஃபீற்றிடம் கடத்தப்பட்ட ஆபிரிக்கர்களை வாங்கினார்கள். பிறகு தாங்களே அதிகாரிகளிடம் கொண்டுபோய்த் 'துப்பு' கொடுத்தார்கள். அரசு அந்த மனிதர்களை ஏலத்தில் விட்டது. சகோதரர்கள் அவர்களைத் திரும்ப ஏலத்தில் எடுத்தார்கள். துப்புக் கொடுத்தவருக்கு ஏலத்தொகையில் பாதி பரிசு என்பதால் பாதிப் பணம் திரும்பக் கைக்கு வந்தது. கடத்தல் 'சரக்கு' இப்ப சட்டப்படியான சொத்து, எங்கேயும் விற்கலாம். இதில் 65,000 டொலர் இலாபம் கிடைத்ததாக இன்னொரு சகோதரர் ஜோன் பின்னாளில் சொன்னார். தடுப்பதற்கென்று போட்ட சட்டமே வியாபாரத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

கத்தியின் புகழ் ஏற ஏற அரசுகள் பயந்தன. 1837 இல் அலபாமா இந்தக் கத்தி விற்பனைக்கு 100 டொலர் வரி போட்டது. 1838 இல் டெனசி விற்பதையே தடை செய்தது. தேவை குறையவில்லை. அந்தத் தேவையை நிரப்பியது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம். அங்கே ஜோர்ஜ் வொஸ்டன்ஹோம் தன் தொழிற்சாலைக்கு 'வொஷிங்டன் வேர்க்ஸ்' எண்டே பெயர் வைத்தார். அமெரிக்கருக்குப் பிடிக்கும் வாசகங்களை அமிலத்தால் அலகில் பொறித்து அனுப்பினார்கள். 'அமெரிக்கர் ஒருபோதும் சரணடையார்' ஒரு வாசகம். 'அடிமை ஒழிப்புக்குச் சாவு' இன்னொன்று.

இதே ஷெபீல்டில்தான் 1825 இல் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் அமைத்து, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சீனியை வாங்காதீர்கள் எண்டு பிரசாரம் செய்தார்கள். ஒரு தெருவில் அந்தப் பிரசாரம், இன்னொரு தெருவில் இந்தப் பொறிப்பு. அந்த வாசகமும் அலங்காரம்தான் என்பதை மறக்கக்கூடாது. அலங்காரம் எண்டாலே அரசியல் இல்லை எண்டு நினைப்பது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

அலகைச் சாணை பிடித்தவர்களின் கதை வேற. மணற்கல் சக்கரத்தில் உலர்வாய்த் தீட்டும்போது எழும் தூசி நுரையீரலை அரித்தது. இளவயதிலேயே செத்துப்போன இந்தத் தொழிலாளர்களைப் பற்றி எங்கெல்ஸ் 1845 இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். இண்டைக்குப் புதுப் பட்டறை போடுறவர் முதலில் யோசிக்கும் விசயங்களில் தூசி உறிஞ்சும் வசதியும் முகக்கவசமும் இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படியானவர்களின் மூச்சு இருக்கிறது.

சுழல்துப்பாக்கி பரவினபிறகு போவியின் தேவை குறைந்தது. 1952 இல் வந்த 'த அயர்ன் மிஸ்ட்ரெஸ்' திரைப்படம் கத்தியைத் திரும்பப் பிரபலமாக்கியது. பிறகு வில்லியம் மொரான் என்ற கொல்லர் 1973 இல் ஒரு கண்காட்சியில் 'டமாஸ்கஸ்' அலகுகளைக் காட்டினார். 1976 இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தொடங்கியது. அதன் உயர்நிலைத் தேர்வு சும்மா இல்லை: தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்க வேணும், மரத்துண்டை வெட்ட வேணும், அதே கூர் மயிரைச் சிரைக்க வேணும், கடைசியில் அலகை 90 பாகை வளைத்தாலும் முறியக்கூடாது. அலங்காரத்துக்குக் கீழே உண்மையான கத்தி இருக்கிறதா எண்டு பார்க்கிற சோதனை அது.

இந்த 'டமாஸ்கஸ்' செய்வது இப்படி: நிக்கல் கலந்த உருக்கையும் கலக்காத உருக்கையும் மாறி மாறி அடுக்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்டி, நீட்டி, மடித்து, திரும்ப அடிக்கிறார்கள். கடைசியில் அமிலத்தில் தோய்த்தால் நிக்கல் உள்ள படை வெள்ளையாய் நிக்கும், மற்றது கறுக்கும். அந்தக் கோடுகள்தான் விலை.

ஆனா பழைய காலத்தில் டமாஸ்கஸ் எண்டு புகழ்பெற்ற வாள்களின் கோடு இப்படி அடுக்கி வந்ததல்ல. மூடின மண்குகையில் உருக்கி எடுத்த, கரிமம் கூடின உருக்கிலேயே அந்தக் கோடு இயல்பாய் இருந்தது. ஐரோப்பியர் 'வூட்ஸ்' எண்டு அழைத்த அந்த உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்டது. சரக்குப் போய்ச் சேர்ந்த சந்தையின் பெயர் நிலைத்தது, செய்தவனின் ஊர்ப் பெயர் நிலைக்கவில்லை.

பலாங்கொடைப் பக்கத்தில் சமனலவெவ பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்துக்காகத் தண்ணீருக்குள் போக முதல் அங்கே தொல்லியல் ஆய்வு நடந்தது. தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொண்டு மலைச்சரிவில் கட்டின உலைகள் கிடைத்தன. துருத்தி இல்லாமல், காற்றாலேயே இரும்பும் உருக்கும் எடுத்திருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டிச் செய்து காட்டி, 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அதுக்கு முதலே, 1908 இல் வெளிவந்த தன் நூலில் ஆனந்த குமாரசுவாமி இந்த மலைநாட்டு உருக்குத் தொழிலைப் பதிவு செய்திருந்தார். அப்பவே அது அழியும் நிலையில் இருந்தது.

ஜிம் போவியின் கத்தி தொலைந்தும் அவருடைய பெயர் இண்டைக்கும் விலை போகிறது. லஃபீற்றிடம் வாங்கி விற்கப்பட்ட மனிதர்களின் பெயர்களோ, சாணைக்காரரின் பெயர்களோ, சமனலவெவயில் காற்றுக்குக் காத்திருந்து உலை மூட்டினவர்களின் பெயர்களோ எந்த அலகிலும் பொறிக்கப்படவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது அந்த இடத்தில்தான்.