ஆஞ்சியோஎக்டேசியா

சிறுகுடலின் கேப்சூல் எண்டோஸ்கோப்பி அறிக்கையில் அடிக்கடி தலைகாட்டும் சொல். கிரேக்கத்தில் ‘ஆங்கேயோன்’ என்றால் கலம்; மருத்துவத்தில் இரத்தக் குழாய். ‘எக்டாசிஸ்’ என்றால் நீட்சி, விரிவு. ஆக, விரிந்துபோன நுண் இரத்தக் குழாய்கள். காரணம் புலப்படாமல் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகும் முதியவர்களிடம் பல நேரம் குற்றவாளி இதுதான்.

இதையே ஒருவர் ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்று எழுதுவார். இன்னொருவர் ‘ஏவிஎம்’ என்பார். ‘டிஸ்பிளேசியா’ பிழையான உருவாக்கத்தைக் குறிப்பது. ஆனால் இவை பெரும்பாலும் வயதான பின் வருபவை. போதாக்குறைக்கு, திசு ஆய்வாளர் காதில் அந்தச் சொல் புற்றுக்கு முந்தைய நிலை என்றே விழும். ‘ஏவிஎம்’ இன்னும் மோசம். அது தமனிக்கும் சிரைக்கும் இடையிலான தவறான இணைப்பு. மேற்பரப்பை மட்டும் படமெடுக்கிற, 26 மில்லிமீட்டர் நீள மாத்திரைக்கு அது எப்படித் தெரியும்? கண்டதை மட்டும் சொல்லும் ‘எக்டேசியா’வே நேர்மையான சொல்.

கேப்சூல் அறிக்கைகளுக்கான கலைச்சொல் தொகுப்பு 2005-இல் வந்தது. 2019-இல் பன்னாட்டு நிபுணர்கள் வாக்கெடுத்து வரையறையை இறுக்கினார்கள்: எல்லை தெளிவான, பளிச்சென்ற சிவப்புடைய, தட்டையான மாற்றம், சளிப்படலத்துக்குள் முறுக்கிக் கொத்தாக விரிந்த தந்துகிகள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, குழாய் வடிவமே தெரியாமல் இருந்தால் அது வெறும் ‘செம்புள்ளி’. அதிலிருந்துதான் இரத்தம் கசிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ‘சிவந்த பகுதி’ என்று எழுதி அனுப்பினால், அடுத்து பலூன் எண்டோஸ்கோப்பியோடு உள்ளே போகிறவர் எதைச் சுட்டு அடைப்பார்?