பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல்

பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல் என்பது, மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கம் செய்யப்பட்ட வட்டு பூட்டப்பட்டுக் கணினி வழக்கம்போலத் தொடங்க மறுக்கும்போது, அவ்வட்டைத் திறக்கப் பயன்படும் 48 இலக்க எண் ஆகும். இது கூறு ஒன்றுக்கு 6 இலக்கங்கள் வீதம் எட்டுக் கூறுகளாக எழுதப்படுகிறது.

மடிக்கணினி ஒன்று தொலைந்தாலோ களவு போனாலோ அதிலுள்ள தரவு பிறர் கையில் சிக்காமல் காப்பதே பிட்லாக்கரின் நோக்கமாகும். எனினும், அதே பூட்டு சில வேளைகளில் உரிமையாளரையே வெளியே நிறுத்திவிடுகிறது. அப்போது "மீட்பு" என்று சொல்லப்படுவது பூட்டை உடைப்பது அன்று. முன்னரே சேமித்து வைக்கப்பட்ட திறவுகோலின் படி ஒன்றைத் தேடி எடுப்பதே ஆகும். படி எங்கும் இல்லையெனில் தரவை மீட்க இயலாது.

வரலாறு

பிட்லாக்கர் முதன்முதலில் விண்டோஸ் விஸ்டாவின் என்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகளில் இடம்பெற்றது. விஸ்டா 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வெளியானது. 2009 இல் வெளியான விண்டோஸ் 7, யுஎஸ்பி விரலிகளையும் வெளி வன்தட்டுகளையும் மறையாக்கம் செய்யும் வசதியைச் சேர்த்தது.

தொடக்கத்தில் பயனர் தாமே முனைந்து இவ்வசதியை இயக்க வேண்டியிருந்தது. 2013 இல் வெளியான விண்டோஸ் 8.1 இந்நிலையை மாற்றியது. தகுந்த வன்பொருள் கொண்ட கணினிகளில், பயனர் மைக்ரோசாப்ட் கணக்கு வழியாகப் புகுபதிகை செய்தவுடன் "சாதன மறையாக்கம்" என்ற பெயரில் அது தானாகவே செயற்பாட்டுக்கு வந்தது. மீட்புத் திறவுகோலும் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, இதற்கான வன்பொருள் நிபந்தனைகளை மேலும் தளர்த்தியது. இதனால், தமது வட்டு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதையே மீட்புத் திரையைக் கண்ட பின்னர் அறியும் பயனர்கள் பலர் உள்ளனர்.

திறவுகோல்களின் அடுக்கு

பிட்லாக்கர் ஒரே திறவுகோலை நம்பி இயங்குவதில்லை. அதன் அமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது.

1. வட்டுத் திறவுகோல்: வட்டிலுள்ள தரவு முழுவதையும் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்வது இதுவே.
2. தலைமைத் திறவுகோல்: வட்டுத் திறவுகோலை மறையாக்கம் செய்து காப்பது.
3. காப்பான்கள்: தலைமைத் திறவுகோலின் தனித்தனிப் படிகளைப் பூட்டி வைப்பவை. டிபிஎம் சில்லு, பயனரின் பின் எண், யுஎஸ்பி விரலியில் உள்ள தொடக்கத் திறவுகோல், 48 இலக்க மீட்பு எண் ஆகியன இவற்றுட் சில.

பீரோவின் சாவிக்குப் பல படிகள் செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு பூட்டுடைய சிறு பெட்டிகளில் வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். எந்த ஒரு பெட்டி திறந்தாலும் பீரோவைத் திறக்கலாம். ஆகவே மீட்பு எண் பிட்லாக்கரில் விடப்பட்ட ஓட்டை அன்று. வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்ட இன்னொரு வாயில் ஆகும். இவ்வடுக்கு முறையால், வட்டு முழுவதையும் மீண்டும் மறையாக்கம் செய்யாமலே பின் எண்ணையோ மீட்பு எண்ணையோ மாற்ற முடிகிறது.

மீட்புத் திரை தோன்றும் காரணங்கள்

வழக்கமான நாட்களில் பயனர் எதையும் உள்ளிட வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது இயங்கும் ஒவ்வொரு நிரலின் அளவீடும் டிபிஎம் சில்லில் பதிவாகிறது. வட்டு பூட்டப்பட்டபோது இருந்த அளவீடுகளுடன் இவை ஒத்திருந்தால் மட்டுமே சில்லு திறவுகோலைத் தரும். ஒத்திராவிடில், கணினியைத் திருடன் ஒருவன் மாற்றியமைத்தானா, உரிமையாளரே மாற்றினாரா என்பதைச் சில்லினால் பகுத்தறிய இயலாது. எனவே அது திறவுகோலைத் தர மறுக்க, மீட்புத் திரை தோன்றுகிறது. பொதுவான காரணங்கள் வருமாறு:

* பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ இற்றைப்படுத்தப்படுதல்
* பாதுகாப்பான தொடக்கம் என்னும் அமைப்பு நிறுத்தப்படுதல், அல்லது தொடக்க வரிசை மாற்றப்படுதல்
* தாய்ப்பலகை மாற்றப்படுதல்
* வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துதல்
* டிபிஎம் சில்லின் உள்ளடக்கம் அழிக்கப்படுதல்
* பின் எண் பலமுறை தவறாக உள்ளிடப்படுதல்

அமைப்பு மாற்றம் ஒன்றே காரணமாயின், அதனை முன்பிருந்தவாறே திருப்பி வைத்தால் பல வேளைகளில் மீட்பு எண் இன்றியே கணினி தொடங்கிவிடும். தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ சில்லு அழிக்கப்பட்டாலோ இவ்வழி பயன்படாது.

மீட்பு எண்ணின் அமைப்பு

48 இலக்கங்களும் தற்போக்காக அமைந்தவை அல்ல. ஒவ்வொரு ஆறு இலக்கக் கூறும் 11 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுத்துக் கிடைக்கும் ஈவு 65,536 இலும் குறைவாக, அதாவது 16 பிட்டுகளில் அடங்குவதாக இருக்க வேண்டும். எனவே ஒரு கூறின் மிகப் பெரிய மதிப்பு 7,20,885 ஆகும். எட்டுக் கூறுகளும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள இரகசியம் ஒன்றைத் தருகின்றன.

11 ஆல் வகுபட வேண்டும் என்ற விதி, படியெடுக்கும்போது நேரும் பிழைகளைக் காட்டிக்கொடுக்கிறது. எடுத்துக்காட்டாக, 123453 என்பது 11 ஆல் வகுபடும். அதனை ஒருவர் 123458 என்றோ 123435 என்றோ எழுதிவிட்டால் வகுபடாது. ஓர் இலக்கம் மட்டும் பிழைத்தாலும், அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் அக்கூறு ஏற்கப்படாது. தொலைபேசியில் ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் உள்ளிடும் நிலையில் இது பெரிதும் உதவுகிறது.

திறவுகோலைத் தேடும் இடங்கள்

மீட்புத் திரையில் திறவுகோல் அடையாளம் ஒன்று காட்டப்படும். ஒருவரிடம் பல திறவுகோல்கள் இருப்பின், அவ்வடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு உரியதைத் தெரிவு செய்யலாம். திறவுகோல் பின்வரும் இடங்களில் இருக்கக்கூடும்:

* மைக்ரோசாப்ட் கணக்கு: வேறு கணினியிலோ கைபேசியிலோ புகுபதிகை செய்து காணலாம். கணினியை முதலில் அமைத்தவர் உறவினராகவோ முந்தைய உரிமையாளராகவோ இருப்பின், திறவுகோல் அவரது கணக்கில் இருக்கலாம்.
* பணியிடம் அல்லது கல்வி நிறுவனம்: ஆக்டிவ் டைரக்டரியிலோ, 2023 வரை அசூர் ஏடி எனப்பட்ட மைக்ரோசாப்ட் என்ட்ரா ஐடியிலோ சேமிக்கப்பட்டிருக்கலாம். இதனை நிறுவனத்தின் கணினிப் பிரிவினர் எடுத்துத் தர இயலும்.
* அச்சிட்ட தாள், யுஎஸ்பி விரலி, அல்லது வேறு வட்டில் உள்ள உரைக் கோப்பு.

திறவுகோல் கையில் இருந்து, விண்டோஸ் மட்டும் பழுதாகியிருந்தால் வட்டை வேறு கணினியில் இணைத்தும் தரவைப் படிக்கலாம். லினக்சில் டிஸ்லாக்கர் மென்பொருளும், 2020 இல் வெளியான 2.3 பதிப்பு முதல் கிரிப்ட்செட்டப் மென்பொருளும் பிட்லாக்கர் வட்டுகளைத் திறக்கவல்லன.

2024 சூலை முடக்கம்

2024 சூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. தீர்வு எளிது, பாதுகாப்பான முறையில் கணினியைத் தொடங்கி ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆயினும், பிட்லாக்கர் இயங்கிய கணினிகளில் அதற்கே மீட்பு எண் தேவைப்பட்டது. திறவுகோல்களைச் சேமித்திருந்த வழங்கிகளும் முடங்கிய இடங்களில், முதலில் அவ்வழங்கிகளைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. திறவுகோலின் படி அது திறக்கும் கணினிகளைச் சாராத ஓரிடத்திலும் இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

திறவுகோல் இல்லாத நிலை

128 பிட் இரகசியத்துக்கு ஏறத்தாழ 3.4 × 10^38 மதிப்புகள் சாத்தியம். நொடிக்கு ஓர் இலட்சம் கோடி மதிப்புகளைச் சோதிக்கும் இயந்திரம் இருந்தாலும், அனைத்தையும் சோதிக்க 10^19 ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் மட்டுமே. அன்றியும், உள்ளிடப்படும் ஒவ்வொரு மீட்பு எண்ணையும் பிட்லாக்கர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை சாஎச்ஏ-256 கணிப்புக்கு உட்படுத்துவதால், ஒவ்வொரு சோதனையும் மேலும் மெதுவாகிறது.

பிட்லாக்கருக்கு எதிரான தாக்குதல்கள் சில அறியப்பட்டுள்ளன. மின்சாரம் நின்ற பின்னும் நினைவகத்தில் சிறிது நேரம் தங்கும் திறவுகோலைப் படிக்கலாம் என்று 2008 இல் பிரின்சுடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். தனிச் சில்லாக அமைந்த டிபிஎம்மிலிருந்து திறவுகோல் செல்லும் மின்தடங்களை ஒட்டுக்கேட்கும் முறையும் பின்னர் செய்துகாட்டப்பட்டது. ஆனால் இவ்விரண்டும், திறவுகோல் நினைவகத்தில் இருக்கும்போது அல்லது சில்லு அதனைத் தரும்போது மட்டுமே பலிக்கும். சில்லு தர மறுத்து மீட்புத் திரை வந்துவிட்ட கணினியில் இவற்றுக்கு வாய்ப்பில்லை. எனவே திறவுகோல் இன்றியே கோப்புகளை மீட்டுத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை ஐயத்துடன் அணுக வேண்டும். விண்டோசைப் புதிதாக நிறுவினால் கணினி மீண்டும் பயன்படும். பழைய கோப்புகள் திரும்பா.

முன்னெச்சரிக்கைகள்

* மறையாக்கம் இயங்குகிறதா என்பதை விண்டோஸ் அமைப்புகளில் பார்த்து, மீட்பு எண்ணை அச்சிட்டுக் கணினியிலிருந்து வேறான இடத்தில் வைத்தல்.
* பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் எண் கையில் உள்ளதை உறுதி செய்தல்.
* பயாஸ் இற்றைப்படுத்தும் முன் பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தல். அப்போது தரவு மறையாக்கத்திலேயே இருக்கும்; அதனைத் திறக்கும் சாவி மட்டும் மூடாமல் வட்டில் வைக்கப்படும்.
* மைக்ரோசாப்ட் கணக்கை நீக்கும் முன் அதிலுள்ள திறவுகோல்களைப் படியெடுத்தல்.
* முதன்மையான கோப்புகளுக்கு வேறு வட்டில் காப்புப் படி வைத்தல்.

விமர்சனம்

திறவுகோலை நிறுவனத்தின் வழங்கியில் தானாகச் சேமிப்பது இருவகையாக நோக்கப்படுகிறது. தொழினுட்ப அறிவு குறைந்த பயனரைத் தரவு இழப்பிலிருந்து அது காக்கிறது. மறுபுறம், கணக்கைக் கைப்பற்றியவரும், சட்டப்படியான ஆணை பெற்ற அரசும் அத்திறவுகோலை அடைய வழியுண்டு. அதனை விரும்பாதோர் கணக்கிலுள்ள படியை நீக்கி, புதிய மீட்பு எண்ணை உருவாக்கித் தம்மிடம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்வோர் அத்தாளையும் தொலைத்துவிட்டால், அவர்களுக்கு உதவ எவராலும் இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* மறையாக்கம்
* ஏஇஎஸ்
* டிபிஎம்
* பைல்வால்ட்
* வெராகிரிப்ட்